குன்னூரில் வாழ்ந்த உணவு மேதை சர் ராபர்ட் மக்காரிசன்

குன்னூர் என்றதும் தேயிலைத் தோட்டங்களும் சிம்ஸ் பூங்காவும் மலை ரயிலும் நம் நினைவுக்கு வரும். வெறிநாய்க்கடி மருந்துக்குப் பேர்பெற்ற பாஸ்டர் நிலையம் 1907-இல் அங்கே நிறுவப்பட்டதும் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அந்த நிலையத்தின் ஒரே ஓர் அறையில்தான் 1918-இல் இந்திய நாட்டின் உணவு ஆராய்ச்சி தொடங்கிற்று. தொடங்கியவர் ராபர்ட் மக்காரிசன் என்னும் ஐரிஷ் மருத்துவர். இயற்கை உரமிட்ட தானியம், தீட்டாத அரிசி என்றெல்லாம் இன்று கடைகளில் தனியே அடுக்கி விற்கிறார்கள். இவற்றுக்காக வாதாடிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

அவர் 1878-இல் அயர்லாந்தின் போர்ட்டடவுன் நகரில் பிறந்தார். பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலுக்கும் பின்பு கில்கித்துக்கும் அனுப்பப்பட்டார். கில்கித்தில் கழுத்துக்கழலை நோயைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றார். அங்கே அவர் மனத்தைக் கவர்ந்தவர்கள் ஹுன்ஸா மலைமக்கள். முழுத் தானிய ரொட்டி, பால், காய்கறி, பழம், எப்போதாவது சிறிது இறைச்சி, இவையே அவர்களுடைய உணவு. மருத்துவர்கள் நோயாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே, நோயில்லாதவன் ஏன் நோயில்லாமல் இருக்கிறான் என்று யார் பார்ப்பது என்னும் கேள்வி அவருக்குள் எழுந்தது. (அம்மக்கள் நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்தார்கள் என்று பிற்காலத்தில் சிலர் எழுதியதை நாம் நம்ப வேண்டியதில்லை.)

குன்னூரில் அவர் முதலில் எடுத்துக்கொண்டது பெரிபெரி நோய். அன்றைய சென்னை மாகாணத்தில் இந்நோய் வடக்கே, தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் மிகுந்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊறி விடுவதே காரணம். நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டறியாமலே நெல்லை அவித்தார்கள்!

1923-இல் அரசாங்கம் சிக்கனத்தை முன்னிட்டு இந்த ஆராய்ச்சியை நிறுத்தி விட்டது. அவர் இங்கிலாந்து போனார். ஆயினும் மனம் தளரவில்லை. 1925-இல் வேலை மீண்டும் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் அந்த ஒற்றை அறை உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது.

அவர் செய்த சோதனைகளுள் புகழ்பெற்றது எலிச் சோதனை. ஒரே வகையைச் சேர்ந்த எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளியர், சென்னைவாசிகள் என ஒவ்வொருவர் உணவையும் ஒவ்வொரு கூட்டத்துக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை எலும்போடு இறைச்சி ஆகியவற்றை உண்ட சீக்கியக் கூட்டமே முதலிடம் பெற்றது. கடைசி இடம் எதற்கென்று கேட்கிறீர்களா? நம்முடைய உணவுக்குத்தான். படிக்கும்போது நமக்குச் சற்று ரோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எடைபோட்டது தீட்டிய அரிசியும் கொஞ்சம் பருப்பும் புளிரசமுமாய்க் காலந்தள்ளிய ஏழையின் தட்டை. அதில் பாலில்லை, பழமில்லை. குற்றம் அரிசியில் மட்டுமல்ல, வறுமையிலும் இருந்தது.

தம் சொந்த நாட்டாரிடமும் அவர் தயவு காட்டவில்லை. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டப்பா இறைச்சி, சர்க்கரை மிகுந்த தேநீர் என்று இங்கிலாந்தின் ஏழைகள் உண்டதை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றி, சினம் மிகுந்து, தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தலைப்பட்டன.

இனி உரத்தின் கதை. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரி நிலத்தில் 1909 முதலே பாத்திக்குப் பாத்தி வெவ்வேறு உரமிட்டுப் பயிர் செய்து வந்தார்கள். அக்கல்லூரியின் இரசாயன அறிஞர் விஸ்வநாத்துடன் சேர்ந்து, எருவிட்டு விளைந்த தானியத்தையும் இரசாயன உரமிட்டு விளைந்த தானியத்தையும் மக்காரிசன் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எருவில் விளைந்ததே மேலான ஊட்டம் தந்தது என்று இருவரும் 1926-இல் எழுதினார்கள். இங்கிலாந்தில் இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட ஈவ் பால்ஃபர் அம்மையார் போன்றோர்க்கு மக்காரிசனின் முடிவுகள் பெரும் துணையாயின.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: பின்னால் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஊட்டத்தைப் பற்றி ஒரே முடிவைச் சொல்லவில்லை. இயற்கை முறையில் விளைந்தவற்றில் பூச்சிமருந்தின் மிச்சம் குறைவு என்பது மட்டும் உறுதி. மரபணு மாற்றிய விதை அவர் காலத்தில் இல்லவே இல்லை. அதைப் பற்றி அவர் பெயரால் எவரும் பேசுவதற்கில்லை. நம் நாட்டில் அத்தகைய கத்தரிக்காயை 2010-இல் அரசு நிறுத்தி வைத்ததும் வேறு கதை. நம் வீட்டார் விலை கூடிய இயற்கைப் பொருளை வாங்க முடியாமற் போனாலும், அவர் முதலாவதாகக் கேட்டதைச் செய்யலாம். அரிசியைப் பளபளக்கத் தீட்டாமல், பலமுறை கழுவிச் சத்தை ஓடவிடாமல், வடித்த கஞ்சியைக் கொட்டாமல், ஒரு கீரையோடு உண்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. விடுதியில் சிவப்பரிசிச் சோற்றைக் கண்டு முகம் சுளிக்கும் சகோதரிகள் இதைக் கவனிப்பார்களாக.

மாணவ மாணவியர்க்கென்றே அவர் உணவைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு சிறு பாடநூலும் எழுதினார். 1933-இல் சர் பட்டம் வந்தது. 1935-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்போர்டில் வாழ்ந்து, 1960-இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே குன்னூர்க் கூடம் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து விட்டது. இன்று அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கோவையில் அந்த உரப் பாத்திகள் மட்டும் இடம் பெயரவில்லை. நூறாண்டு கடந்தும் வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் அவற்றில் விதைப்பும் அறுப்பும் நடந்து வருகின்றன.