நோய்க்குப் பெயரான எழுத்தாளர்: சாகர்-மாசோக்கின் வாழ்வும் ஒப்பந்த மரபும்

லெயோபோல்ட் ஃபான் சாகர்-மாசோக் 1836 சனவரி 27 அன்று ஆஸ்திரியப் பேரரசின் கலீசியப் பகுதியிலிருந்த லெம்பர்க் நகரில் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) பிறந்தார். தந்தை அந்நகரின் காவல்துறைத் தலைவர். தாய்வழிக் குடும்பப் பெயர் வாரிசின்றி மறைந்துவிடலாகாது என்பதற்காகவே ‘மாசோக்’ என்பது தந்தையின் பெயரோடு இணைக்கப்பட்டது. அவ்வாறு காக்கப்பட்ட பெயரே பின்னர் மருத்துவக் கலைச்சொல்லாக மாறியது.

அவருக்குப் பத்து வயதானபோது, 1846இல், கலீசிய உழவர்கள் போலந்து நிலக்கிழார்களைக் கொன்று குவித்த கிளர்ச்சி நிகழ்ந்தது. ஆண்டானும் அடிமையும் இடம் மாறும் காட்சி அவருடைய புனைவுகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இவ்வரலாற்றுப் பின்புலமும் ஒரு காரணம் எனலாம். 1858இல் வெளிவந்த அவரது முதல் புதினத்தின் களமும் இக்கிளர்ச்சியே. அதற்கு முன்பே கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த அவர், கெண்ட் நகர எழுச்சி குறித்து ஆய்வுநூல் ஒன்றை எழுதியிருந்தார்.

1869 திசம்பரில் ஃபன்னி பிஸ்டோர் என்னும் பெண்ணுடன் அவர் எழுத்துவடிவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆறு மாத காலம் அவருக்கு அடிமையாக இருந்து பணிவதாக அதில் உறுதியளித்தார். எனினும் நாள்தோறும் ஆறு மணிநேரம் தம் எழுத்துப்பணிக்கு விடப்பட வேண்டும், தம் கடிதங்களையும் கையெழுத்துப்படிகளையும் அப்பெண் பார்த்தல் கூடாது என்னும் விலக்குகளையும் சேர்த்துக்கொண்டார். பணியாள் வேடத்தில் கிரிகோர் என்ற பெயருடன் அவரோடு இத்தாலிக்கும் பயணம் செய்தார். அடிமைத்தனத்திற்குக் கால வரையறையும் விதிவிலக்கும் வகுத்த அடிமை அவர்! ஆதிக்கத்தின் எல்லையை முன்கூட்டியே பேசி முடிவுசெய்யும் இவ்வழக்கம், பிற்காலத்தில் பி.டி.எஸ்.எம். சமூகங்கள் போற்றும் ஒப்புதல் நெறியோடு நெருங்கிய ஒப்புமை உடையது. ஆயினும் நேரடி வழித்தோன்றல் என்று கொள்வது மிகையாகும். 1971இல் நியூயார்க்கில் மாசோகிய விருப்பினருக்கெனத் தோன்றிய யூலன்ஸ்பீகல் சங்கத்திற்கும் அவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இடைவெளி உண்டு.

இவ்வனுபவம் 1870இல் ‘ரோம ஆடையில் வீனஸ்’ என்னும் குறும்புதினமாயிற்று. ‘காயீனின் மரபுரிமை’ என ஆறு பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட பெருந்தொடரின் ‘காதல்’ பகுதியில் அஃது ஓர் உறுப்பு மட்டுமே. காதல், உடைமை ஆகிய இரு பகுதிகளே நிறைவெய்தின. அரசு, போர், உழைப்பு, இறப்பு என்பன திட்டமாகவே நின்றன. தொடரிலிருந்து பிரித்து அக்குறும்புதினத்தை மட்டும் வாசித்ததே அவரைப் பற்றிய குறுகிய மதிப்பீட்டிற்கு வழிவகுத்தது.

உளநோய் மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1890இல் ‘மாசோகிசம்’ என்னும் சொல்லை உருவாக்கியபோது சாகர்-மாசோக் உயிருடன் இருந்தார். அவரைப் போற்றியோர் எதிர்த்தும் சொல் நிலைத்துவிட்டது. அதே ஆண்டுகளில் அவர் ஹெஸ்ஸே நாட்டின் லிண்ட்ஹைம் சிற்றூரில் யூத வெறுப்புக்கு எதிராகச் செயல்பட்டு, 1893இல் அப்பகுதி மக்களுக்கென ஒரு கல்விச் சங்கத்தையும் நிறுவினார். 1895 மார்ச் 9 அன்று அங்கேயே காலமானார். முதல் மனைவி வாண்டாவின் தன்வரலாறு 1906இல் வெளிவந்தபோது வாசகர் அதில் தேடியது கலீசிய எழுத்தாளரை அன்று. மருத்துவர் பெயரிட்ட மனிதரையே.