காயம் ஆறியது... வலி ஆறவில்லை! யார் இந்த ஃப்ரிடா காலோ?

1925 செப்டம்பர் 17. மெக்சிகோ சிட்டியில் 18 வயது மாணவி ஃப்ரிடா காலோ சென்ற பஸ் மீது டிராம் மோதியது. ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஆனா, முதுகுவலி விடலை. சில மாதங்கள் கழித்துதான், முதுகுத்தண்டில் 3 எலும்புகள் விலகியிருப்பதை டாக்டர்கள் கண்டுபிடித்தனர்.

பிளாஸ்டர் கட்டோடு, படுக்கையில் இருந்தபடியே வரையத் தொடங்கியவர் உலகப்புகழ் ஓவியரானார். வலியும் கடைசிவரை கூடவே இருந்தது. 1944-ல் வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தில், முதுகெலும்பு இருக்கும் இடத்தில் நொறுங்கிய தூண், உடம்பெங்கும் ஆணிகள். வெளியே தெரியாத வலியை எல்லோரும் பார்க்கும்படி செய்தார்.

1953-ல் மெக்சிகோவில் நடந்த தன் முதல் தனிக் கண்காட்சிக்கு, கட்டிலில் படுத்தபடியே கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு, 47 வயதில் இறந்தார்.

நரம்பு பாதிக்கப்பட்டால், காயம் ஆறிய பிறகும் வலி நீடிக்கலாம். விபத்துக்குப் பிறகு வலி தொடர்ந்தா, 'தானா சரியாகிடும்'னு விட்டுடாதீங்க.