ஆல்பிரட் ஹிட்ச்காக்

ஒருவர் பெயரே ஒரு பண்பைக் குறிக்கும் அடைமொழியாய் வழங்கப் பெறுதல் எளிதில் எய்தும் பேறன்று. நுட்பமான வேலைப்பாட்டைக் கம்பசித்திரம் என்று நாம் கூறுதல் அத்தகையதோர் வழக்காகும். திரைப்படக் கலையில் அப்பேறு பெற்றாருள் ஆல்பிரட் ஹிட்ச்காக் ஒருவர். ஐயமும் அச்சமும் நெஞ்சை இறுக்குமாறு அமைந்த படத்தை ஆங்கிலேயர் ஹிட்ச்காக்கியன் என்னும் அடைகொடுத்து வழங்குவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், லண்டனைச் சார்ந்த லேட்டன்ஸ்டோனில் காய்கனி வணிகர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் ஏதோ சிறு பிழைக்காகத் தந்தையார் சீட்டெழுதிக் கொடுத்துக் காவல் நிலையத்திற்கு அனுப்பினாரென்றும், ஆங்குச் சில நிமிடம் அறையில் அடைபட்டமையால் போலீசாரிடத்துத் தீரா அச்சம் உண்டாயிற்றென்றும் இவர் பன்முறை கூறியதுண்டு. குற்றமற்றவன் குற்றவாளியெனத் துரத்தப்படும் கதையை இவர் மீண்டும் மீண்டும் எடுத்தாண்டதற்கு அதுவே வித்துப்போலும்.

1914-இல் தந்தையார் காலமானார். பதினைந்து வயதினரான இவர், பின்னர்த் தந்திக் கம்பிகள் செய்யும் கம்பெனியொன்றில் அமர்ந்தார். அதன்பின் பேசாப் படங்களுக்கு எழுத்துப் பலகை வரையும் வேலையிற் புகுந்து, படிப்படியாய் டைரக்டர் ஆயினார். உடன் தொழில் புரிந்த ஆல்மா ரெவில் அம்மையாரை 1926-இல் மணந்தார். படத்தொகுப்பிலும் கதையமைப்பிலும் வல்லவரான அவ்வம்மையார் இறுதிவரை இவர்க்குத் துணையாய் நின்றார். 1927-இல் வெளிவந்த லாட்ஜர் என்னும் படம் இவர் பெயரை நாட்டிற்று. 1939-இல் அமெரிக்கா சென்றார்.

இவர் கையாண்ட முறையை ஓர் உவமையால் விளக்குவார். மேசையடியில் வெடிகுண்டு இருப்பதை எவரும் அறியாராயின், அது வெடிக்குங்கால் காண்போர்க்குச் சில விநாடித் திகைப்பே உண்டாகும். மேசையருகே இருந்து பேசுவோர் அறியாது, காண்போர் மட்டும் முன்னரே அறிவராயின், அவர்தம் நெஞ்சம் நெடுநேரம் துடிக்கும். மறைத்தலினும் அறிவித்தலே அச்சத்தை வளர்க்கும் என்பது இவர் கண்ட உண்மை. ரியர் விண்டோ, வெர்டிகோ, சைக்கோ முதலிய படங்களில் இத்திறம் விளங்கக் காணலாம்.

இவர் இயற்றிய ரெபெக்கா, 1940-ஆம் ஆண்டின் சிறந்த படமென ஆஸ்கர் பரிசு பெற்றது. எனினும், சிறந்த டைரக்டர்க்குரிய பரிசிற்கு ஐந்துமுறை பெயர் குறிக்கப்பட்டும் ஒருமுறையேனும் இவர் அதனைப் பெற்றிலர். 1968-இல் வேறொரு சிறப்பு விருதே அளிக்கப்பெற்றது. 1980-இன் தொடக்கத்தில் ஆங்கில அரசு சர் பட்டம் வழங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் உயிர் நீத்தார்.

பரிசு பெற்றோர் பலர் பெயரை உலகம் மறந்தது. பரிசு பெறாத இவர் பெயரோ அகராதியில் சொல்லாய் நின்றது. தமக்கென ஒரு நெறி வகுத்துப் பிறழாதுழைப்பார்க்கு மொழியே பரிசளிக்கும் என்பதை நம் இளைஞர் உணர்வாராக.