சிற்றாலயத்தின் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்

இங்கிலாந்தின் தென்பகுதியில், சாலிஸ்பரி நகரத்துக்கு மேற்கே பெமர்ட்டன் என்னும் இடத்தில் புனித அந்திரேயாவின் பெயரால் அமைந்த சிற்றாலயம் ஒன்று உண்டு. சாலிஸ்பரிப் பேராலயத்தின் வானளாவிய கோபுரத்தைக் காண வருவோர் இதனைக் கவனியாமலே கடந்து போகலாம். ஆயினும் ஆங்கிலத் திருச்சபையின் பக்தி வாழ்வை உள்ளபடி அறிய விரும்புவோர் இச்சிற்றாலயத்தையும் தேடி வருகின்றனர். 1630 முதல் 1633 வரை, முழுதாக மூன்றாண்டுகள் கூட நிறையாத காலம், இங்கே குருவாகப் பணியாற்றிய ஜார்ஜ் ஹெர்பர்ட்டே அதற்குக் காரணம்.

ஹெர்பர்ட்டை அமைதியே வடிவான அடியாராகக் காண்பது மரபாகிவிட்டது. அவர் மறைந்து 37 ஆண்டுகள் கழிந்தபின், 1670இல் ஐசக் வால்டன் எழுதிய வரலாறே அம்மரபுக்கு அடித்தளம். அவ்வரலாறு படிப்பதற்கு இனியது. ஆனால் ஹெர்பர்ட்டின் கவிதைகள் காட்டும் மனிதர் வேறு. பதவி ஆசையும் பணிவும், நோயும் நம்பிக்கையும் அவருடைய நெஞ்சில் பல்லாண்டுகள் பொருதன. அவர் பெற்ற அமைதி பிறவியில் வாய்த்ததன்று, போராடிப் பெற்றது.

தாயும் கல்வியும்

வேல்ஸ் நாட்டு மான்ட்கோமரியில் 1593ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஹெர்பர்ட் பிறந்தார். அவருடைய குடும்பம் செல்வாக்கு மிக்க உயர்குடி. மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். பத்து மக்களையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு தாய் மாக்டலன் அம்மையாரின் தோள்மேல் விழுந்தது. அறிவும் பக்தியும் நிறைந்த அவ்வம்மையார், பெருங்கவிஞர் ஜான் டன்னின் நட்பையும் மதிப்பையும் பெற்றவர். மூத்த மகன் எட்வர்டு பின்னாளில் பிரான்சு நாட்டில் அரச தூதராகவும் தத்துவ அறிஞராகவும் விளங்கினார்.

ஜார்ஜ் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்று, 1609இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். தம் கவித்திறனை இறைவனுக்கே உரியதாக்க உறுதி பூண்டு, அவ்வுறுதியை இரு கவிதைகளாகத் தாய்க்கு எழுதி அனுப்பினார் என்கிறார் வால்டன். அப்போது அவர் பதினேழு வயதை எட்டும் இளைஞர். வாக்களிப்பது எளிது, அதன்படி வாழ்வது எத்துணை அரிது என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் அவருக்குக் கற்பித்தன.

அரசவையின் வாயிலில்

1620இல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்னரும் பெருமக்களும் வருகை தரும்போது லத்தீனில் வரவேற்றுப் பேசுவதும், பல்கலைக்கழகத்தின் சார்பில் அவர்களுக்கு மடல் வரைவதும் அப்பதவியின் கடமைகள். அரசாங்க உயர்பதவிகளுக்கு அது ஏணியாக அமைந்திருந்தது. ஹெர்பர்ட்டும் அதனை விரும்பியே நாடினார். 1624இல் மான்ட்கோமரியின் உறுப்பினராகப் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார்.

ஆனால் எதிர்பார்த்த வழி திறக்கவில்லை. அவருக்கு ஆதரவாயிருந்த பிரபுக்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். 1625 மார்ச்சில் முதலாம் ஜேம்ஸ் மன்னரும் காலமானார். உடல்நலமும் அவரைக் கைவிட்டது. காய்ச்சலும் இருமலும் அடிக்கடி வருத்தின. இக்காரணங்களால்தான் அவர் திருப்பணிக்குத் திரும்பினார் என்று கூறுவாரும் உண்டு. ஆனால் மன்னர் மறைவதற்கு முன்பே, 1624இன் இறுதியில், டீக்கன் எனப்படும் உதவிக்குரு நிலையை ஏற்பதற்கான அனுமதியை அவர் பெற்றிருந்தார். தோல்வி ஒன்றே அவரைத் திருப்பியது என்பதும், அவர் உலக ஆசையை எளிதில் உதறினார் என்பதும் முழு உண்மையாகா.

உதவிக்குருவான பிறகும் முழுமையான குருப்பட்டம் பெற அவருக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. இத்தயக்கத்தின் ஆண்டுகளே அவருடைய வாழ்வில் மிகவும் கடினமானவை. 1627இல் தாயார் மறைந்தார். ஜான் டன் அவருக்கு நினைவுப் பேருரை ஆற்றினார். மகன் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இரங்கற்பாக்கள் இயற்றினார். அடுத்த ஆண்டில் சொற்பொழிவாளர் பதவியையும் விட்டார். ஒன்றுக்கும் பயன்படாமல் வாழ்நாள் கழிகின்றதே என்னும் மனத்தாங்கலை அவருடைய கவிதைகள் சில மறைக்காமல் வெளியிடுகின்றன.

ஒரே உயரத்தில் இரு மேடைகள்

இக்காலத்தில் அவர் ஏற்ற ஒரு பணி குறிப்பிடத்தக்கது. 1626இல் லெய்ட்டன் புரொம்ஸ்வோல்டு என்னும் ஊரின் ஆலயம் அவர் பொறுப்பில் வந்தது. அது வழிபாட்டுக்கு உதவாத நிலையில் பாழடைந்து கிடந்தது. ஹெர்பர்ட் தம் பொருளையும் உற்றார் நண்பரிடம் திரட்டிய பொருளையும் கொண்டு அதனைப் புதுப்பிக்கச் செய்தார். அங்கே பிரசங்க மேடையும் ஜெபம் வாசிக்கும் மேடையும் ஒரே உயரத்தில் அமைக்கப்பட்டன. இன்றும் அவை அவ்வாறே எதிரெதிராக நிற்கின்றன. பிரசங்கம் ஜெபத்தினும் உயர்ந்ததன்று, ஜெபம் பிரசங்கத்தினும் உயர்ந்ததன்று என்பதே அதன் கருத்து.

அன்றைய இங்கிலாந்தில் இது சிறிய செய்தியன்று. பிரசங்கமே வழிபாட்டின் உயிர் என்றனர் தூய்மைவாதிகள். சடங்கையும் அழகையும் போற்றினர் மற்றொரு சாரார். இருதரப்புப் பூசல் பின்னர் உள்நாட்டுப் போருக்கே ஒரு காரணமாயிற்று. ஹெர்பர்ட் வாதநூல் எழுதி இதற்கு விடை காணவில்லை. இரு மேடைகளையும் சமமாக நிறுத்தினார்.

பெமர்ட்டனில்

1629இல் ஜேன் டான்வர்ஸ் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெமர்ட்டன் சேகரம் அவருக்கு அளிக்கப்பட்டது. செப்டம்பரில் சாலிஸ்பரிப் பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். பொறுப்பேற்ற நாளில், வழக்கப்படி ஆலயத்துள் தனியே சென்று மணியை ஒலிக்க வேண்டியவர் நெடுநேரமாகியும் வெளிவரவில்லை. நண்பர் ஒருவர் பலகணி வழியே நோக்கியபோது, அவர் பலிபீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடந்தார் என்கிறார் வால்டன்.

பழுதுபட்டிருந்த ஆலயத்தையும் குருமனையையும் சொந்தச் செலவில் செப்பனிட்டார். பெற்றோரை இழந்த தம் சகோதரியின் மகளிரை வீட்டில் வைத்துக் காத்தார். நாள்தோறும் இருவேளை வீட்டாருடன் ஆலயம் சென்று ஜெபம் நடத்தினார்.

இந்த இருவேளை ஜெபமே ஆங்கிலத் திருச்சபை மரபின் முதுகெலும்பு. மடங்களில் துறவியர் நாளின் பல வேளைகளில் ஓதிவந்த மன்றாட்டுகளைக் காலை ஜெபம், மாலை ஜெபம் என இரண்டாகச் சுருக்கி, மக்கள் பேசும் ஆங்கிலத்திலேயே அமைத்தவர் பேராயர் தாமஸ் கிரான்மர். 1549இல் வெளிவந்த பொது ஜெபப் புத்தகம் அதன் விளைவு. துறவியருக்கு மட்டும் உரியதாயிருந்த ஒழுங்கு அதனால் உழவருக்கும் உரியதாயிற்று. பெமர்ட்டனில் அது நடைமுறையில் விளங்கியது. ஆலயமணி கேட்டதும் உழவர்கள் ஏரை நிறுத்தி, வயலில் நின்றபடியே மனத்தை இறைவனிடம் செலுத்திப் பின் உழவைத் தொடர்ந்தனர் என்கிறது வால்டனின் வரலாறு.

குருவின் கடமைகளைத் தொகுத்து ஹெர்பர்ட் எழுதிய உரைநடை நூல் 1652இல் வெளிவந்தது. நாட்டுப்புறக் குருவானவர் உழவும் கால்நடை வளர்ப்பும் அறிந்திருக்க வேண்டும்; மக்களுக்குத் தெரிந்த பொருள்களைக் கொண்டே தெரியாதவற்றை விளக்க வேண்டும்; ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரசங்கம் செய்யலாகாது; தோட்டத்து மூலிகைகளால் நோய் தீர்க்கவும், ஏழைகளைத் தம் உணவு மேசைக்கு அழைக்கவும் வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. மன்னர்முன் அணிநயத்தோடு லத்தீன் பேசியவர், கலப்பையையும் கைவாளையும் உவமையாக்கப் பயின்றார் என்பதே இதில் காணும் மாற்றம்.

அவருக்கு இசை உயிர். வாரம் இருமுறை சாலிஸ்பரிப் பேராலயத்துக்கு நடந்து சென்று மாலை வழிபாட்டின் இசையில் திளைப்பார். பின் நண்பர்களோடு கூடி இசைப்பார். ஒருமுறை வழியில் ஓர் ஏழையின் குதிரை சுமையோடு விழுந்து கிடந்தது. ஹெர்பர்ட் மேலாடையைக் களைந்து, சுமையை இறக்கவும் ஏற்றவும் கைகொடுத்தார். சேறு படிந்த கோலத்தில் இசைக்கூட்டத்துக்குள் நுழைந்தவரைக் கண்டு ஒரு நண்பர் குறை கூறினார். அச்செயலின் நினைவு நள்ளிரவில் தமக்கு இன்னிசையாக ஒலிக்கும் என்னும் கருத்தில் ஹெர்பர்ட் விடை கூறினாராம்.

கையெழுத்துப்படி

இவ்வளவும் நிகழ்ந்தபோது, ஊரார் அறியாத மற்றொரு பணியும் நடந்துவந்தது. இளமை முதல் எழுதிய கவிதைகளை அவர் திருத்தியும், நீக்கியும், புதியன சேர்த்தும் வந்தார். ஆலய மணி, தளம், பலகணி, பலிபீடம், பண்டிகை, திருவிருந்து என வழிபாட்டுச் சூழலே அவற்றின் பொருள். பலிபீட வடிவிலும் சிறகு வடிவிலும் வரிகள் அமைந்த பாடல்களும் உண்டு; நம் சித்திரகவியை அறிந்தோர்க்கு இவை புதுமையாகா. ஆனால் வடிவ விளையாட்டு அவருடைய நோக்கமன்று. இறைவனோடு வழக்காடுதல், முறையிடுதல், கட்டுக்கு அடங்க மறுத்துச் சீறுதல், இறுதியில் அன்பின் குரலுக்கு அடங்குதல் ஆகியவை ஒளிவின்றி இடம்பெறுகின்றன. தொகுப்பின் மையப் பகுதியை முடித்துவைக்கும் பாடலில், தகுதியில்லை என்று தயங்கும் விருந்தாளியை அன்பே விருந்தோம்பி அமர்த்துகிறது. தயக்கத்தையே பல்லாண்டுகள் வாழ்ந்தவர் எழுதிய முடிவு அது.

1633இன் தொடக்கத்தில் காசநோய் முற்றியது. லிட்டில் கிடிங் என்னும் ஊரில் குடும்பத்தாருடன் ஜெப வாழ்வு நடத்திய நிக்கலஸ் ஃபெரர் அவருடைய நண்பர். அவரும் 1624இன் பாராளுமன்றத்தில் இருந்து, பின் உலகப் பதவிகளை விட்டு விலகியவர். ஹெர்பர்ட் தம் கையெழுத்துப்படியை அவருக்குக் கொடுத்தனுப்பினார். துயருற்ற ஏழை உள்ளம் ஒன்றுக்கேனும் பயன்படுமென்று தோன்றினால் அச்சிடலாம், இல்லையேல் எரித்துவிடலாம் என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி. புகழை நாடிய பழைய ஆசைக்கு அவர் கொடுத்த கடைசி விடையும் அதுவே. மார்ச் 1ஆம் நாள் அவர் மறைந்தார். நாற்பது வயது நிறைய ஒரு மாதமே குறைந்திருந்தது. உடல் அச்சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

ஃபெரர் எரிக்கவில்லை. அவ்வாண்டே கேம்பிரிட்ஜில் "ஆலயம்" என்னும் பொருளுடைய தலைப்பில் நூல் வெளிவந்தது. வால்டன் எழுதிய காலத்துக்குள் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றிருந்தனவாம். சிறைப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னர் படித்த நூல்களுள் அதுவும் ஒன்று என்று அவருடன் இருந்தவரின் குறிப்பு கூறுகிறது. மன்னரின் எதிர்த்தரப்பைச் சேர்ந்த தூய்மைவாதி ரிச்சர்டு பாக்ஸ்டரும் அதனைப் போற்றினார். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரு சாராரும் ஒரே நூலைக் கையில் எடுத்து ஜெபித்தனர். லெய்ட்டன் ஆலயத்து இரு மேடைகளால் ஹெர்பர்ட் உணர்த்த விரும்பியதை அவருடைய கவிதைகள் நாட்டளவில் உணர்த்தின எனலாம்.

ஆங்கிலத் திருச்சபை ஆண்டுதோறும் பிப்ரவரி 27ஆம் நாள் அவரை நினைவுகூர்கிறது. கேம்பிரிட்ஜில் எட்டாண்டுகள் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளை இன்று நாடிப் படிப்போர் மிகச் சிலர். சிற்றூரில் மூன்றாண்டுக்கும் குறைவாக வாழ்ந்து, இருவேளை மணியடித்து ஜெபித்தவரின் குரலோ, நான்கு நூற்றாண்டுகள் நெருங்கும் இக்காலத்திலும், தகுதியில்லை என்று தயங்கி நிற்கும் உள்ளங்களை விருந்துக்கு அழைத்துக்கொண்டிருக்கிறது.