வசைச்சொல்லிலிருந்து மீண்ட மலைமுகடு: ஜோன் வெயரின் கதை

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், கல்கரி நகருக்குத் தென்மேற்கேயுள்ள மலையடிவாரத்தில் 'ஜோன் வெயர் முகடு' இருக்கிறது. 1970ஆம் ஆண்டளவு வரை அதன் பெயர் வேறு. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஆங்கில வசைச்சொல்லுக்குப் பின்னால் 'ஜோன்' என்று மட்டும் சேர்த்து அந்த இடத்தை அழைத்தார்கள்.

அந்த ஜோன் யார்? அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளின் பிறப்பை ஒழுங்காகப் பதியாத காலம் என்பதால் அவர் பிறந்த ஆண்டே இன்றும் சர்ச்சைக்குரியது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்று, குதிரையேறி மாடு மேய்க்கும் தொழிலைக் கற்றார். 1882இல், ஐடஹோவிலிருந்து சுமார் 3,000 மாடுகளை ஓட்டிக்கொண்டு அல்பேர்ட்டாவுக்கு வந்த குழுவில் அவரும் ஒருவர். முரட்டுக் குதிரைகளை அடக்குவதில் அவரது திறமை விரைவில் ஊரெங்கும் பேசப்பட்டது.

கூலிக்கு வேலை செய்தவர் சில ஆண்டுகளில் சொந்தப் பண்ணை அமைத்தார். நான்கு ஒன்பதுகள் அவரது மாடுகளின் சூட்டுக்குறி. 1892இல் மில்ட்ரெட் லூயிஸை மணந்தார். பின்னர் குடும்பத்தோடு ரெட் டியர் ஆற்றோரம் குடிபெயர்ந்தார். 1902இல் வெள்ளம் வீட்டை அடித்துச் சென்றது. வேறு வீடு கட்டினார். 1905இன் தொடக்கத்தில் மனைவி நோயில் இறந்தார். அதே செப்டெம்பரில், குதிரையின் கால் வளையொன்றில் இடறி விழுந்ததில் வெயரும் உயிரிழந்தார். கல்கரியில் நடந்த இறுதிச்சடங்குக்குப் பெருங்கூட்டம் திரண்டது.

மதிப்பு இருந்தது, ஆனால் அதே ஊர் மக்களும் பத்திரிகைகளும் அவரை வசைச்சொல்லோடுதான் குறிப்பிட்டார்கள். முகட்டுக்கு ஒட்டியதும் அந்தப் பெயரே.

இப்படியான பெயர்களை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. வெயர் விடயத்தில் வரலாற்றை மறைத்தது பழைய பெயர்தான். அவர் கறுப்பர் என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லவில்லை. குடும்பப் பெயரைக்கூட விட்டுவிட்டது. பெயர் மாறிய பிறகே, அந்த வழியால் போகிறவர் யார் இந்த வெயர் என்று கேட்க முடிகிறது.

2012இல் கனடியத் தபால் துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது. அதிலும் முழுப்பெயர் இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. பழைய பெயர் என்ன, அது ஏன் நீக்கப்பட்டது என்பதையும் பாடசாலையில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால், அந்த வசைச்சொல்லை இயல்பாகப் புழங்கிய சமூகம் எளிதாகத் தப்பித்துவிடும்.