ஆண்ட்ரூ பெல்

ஸ்காட்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1753ஆம் ஆண்டு ஆண்ட்ரூ பெல் பிறந்தார். அவர் தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். பெல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திற் பயின்று, சில ஆண்டுகள் அமெரிக்காவில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சமய குருவாகி, 1787இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

1789இல் எழும்பூரில், தந்தையை இழந்த படைவீரர் மக்களுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. அதன் மேற்பார்வையைப் பெல் ஊதியம் பெறாமலே ஏற்றுக்கொண்டார். ஆங்குப் பயின்ற பிள்ளைகள் நெடுநாள் அரிச்சுவடி வகுப்பில் அமர்ந்திருந்தும் எழுத்துகளைச் செம்மையாக அறிந்திலர். பெல் கூறிய மாற்றங்களை ஆசிரியர்களும் விரும்பிலர்.

ஒருநாட் காலை அவர் குதிரைமீது சென்றபொழுது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். சிறுவர் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தனர். நம் நாட்டார்க்கு இது பழகிய காட்சி, பெல்லுக்கோ பெரும்புதையல். தாளும் மையும் இறகும் வேண்டா; பிழைபடின் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம்; பிள்ளை எழுத்தை அறிந்தானா இல்லையா என்பதும் அக்கணமே கண்கூடாகத் தெரியும்.

உடனே தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்குமாறு பணித்தார். அரிச்சுவடி வகுப்பாசிரியர் அஃது இயலாதென மறுத்துவிட்டார். பெல் அவரோடு வழக்காடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். ஒரு படைவீரனின் மகனாகிய அச்சிறுவன் அதனைச் செவ்வனே நடத்திக் காட்டினான். பின்னர் மற்ற வகுப்புகளுக்கும் மாணவரே சட்டாம்பிள்ளைகளாயினர். திண்ணைப் பள்ளிகளில் இவ்வழக்கம் முன்னரே உண்டு என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும்.

பெல் பிள்ளைகளை அளந்தறிந்த முறையும் எளியதே. பாடம் சிறிதாயிருத்தல் வேண்டும். அதனைப் பிழையறக் கற்றபின்னரே அடுத்த பாடம். ஒவ்வொரு நாளும் கற்ற அளவு ஏட்டிற் பதியப்பெறும். நன்கு கற்றவன் வரிசையில் மேலேறுவான், தவறியவன் கீழிறங்குவான்.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இம்முறையை விளக்கி இலண்டனில் நூலொன்று வெளியிட்டார். அதில் மணலெழுத்தைத் தாம் கண்டறிந்த இடத்தை மறையாது குறித்துள்ளார். 'சென்னை முறை' எனப் பெயர்பெற்ற அஃது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளிற் பரவியது. ஆயினும் குறையில்லாத முறை அன்று. சட்டாம்பிள்ளை தான் கற்ற அளவிற்குமேற் கற்பிக்க வல்லனல்லன். பொருள் விளக்கம் கேட்கும் பிள்ளைக்கு அவனிடம் விடை கிடையாது. செலவு குறைவு என்பதற்காகவே அதனை விரும்பியவரும் பலர். பயிற்சி பெற்ற ஆசிரியர் பெருகப் பெருக அம்முறை வழக்கொழிந்தது.

1832இல் பெல் காலமானார். அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது. தம் பெரும்பொருளை அவர் பள்ளிகளுக்கே அளித்திருந்தார். அப்பொருளால் அவர் பிறந்த ஊரில் 1833இல் திறக்கப்பெற்ற பள்ளி, மெட்ராஸ் கல்லூரி என்னும் பெயருடன் இன்றும் நடைபெற்று வருகின்றது.