பதுளை ஆசிரியர் வானொலிக் குரலான கதை

இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு வேர்ணன் கொரயாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆயினும், ஒலிவாங்கியின் முன் அமர்வதற்கு முன்னர் அவர் பதுளை ஊவா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

1927ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, கட்டுநாயக்கவை அடுத்த குரணையில், அங்கிலிக்கன் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்றார். 1956இல் இலங்கை வானொலியில் இணைந்தார்.

அந்நாளில் அந்நிலையத்தின் வலிமை சாதாரணமானதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்புச் சாதனம் பின்னர் இலங்கை அரசின் வசமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1951இல் அமெரிக்காவுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி ‘வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ நிகழ்ச்சிகளும் இங்கிருந்து அஞ்சல் செய்யப்பட்டன. இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்த காலத்தில், இந்திய நேயர்களும் கொழும்பின் பக்கம் திரும்பினர்.

விளம்பரதாரரின் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்துவதும், இசைத்தட்டைச் சுழலவிட்டு நேயருடன் உரையாடுவதும், பரிசுப் போட்டி வைப்பதும் அமெரிக்க வானொலி வளர்த்த வழக்கங்கள். கொரயா வழங்கிய ‘மலிபன் ஷோ’, ‘டயல் எ டிஸ்க்’, ‘டூ ஃபோர் த மணி’ யாவும் அந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. எனினும் அவர் வெறும் நகலெடுப்பாளர் அல்லர். உள்ளூர்க் கலைஞருக்கும் தமது நிகழ்ச்சிகளில் இடமளித்தார்.

அவர் வானொலியில் இணைந்த அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. ஊவாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரோ 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் ஏற்கனவே இழந்திருந்தனர். துரையின் பங்களாவில் எல்விஸ் பிரெஸ்லி ஒலிக்க, கீழே லயத்து மக்கள் தமிழ்ச் சேவையின் திரைப்பாடலுக்குக் காத்திருந்தனர். நிலையம் ஒன்றுதான். ஆயினும் இவ்விரு வீடுகளில் எதிலிருந்தும் தோட்டத் தொழிலாளியின் சொந்தக் குரல் எத்தனை முறை எழுந்தது? இக்குறையை ஓர் ஆங்கில அறிவிப்பாளர்மீது சுமத்துவது நியாயமன்று.

பின்னர் கொரயா இலண்டனில் குடியேறி, பீ.பீ.சி. ரேடியோ லண்டனில் ‘லண்டன் சவுண்ட்ஸ் ஈஸ்டர்ன்’ நிகழ்ச்சியை வழங்கினார். 1978இல் பீ.பீ.சி. அவரைச் சிறுபான்மை இனங்களுக்கான ஆலோசகராக நியமித்தது. பதுளையில் ஆசிரியராயிருந்தவர், அந்நிய மண்ணில் சிறுபான்மையோரின் குரலுக்காகப் பணியாற்றும் பொறுப்பை ஏற்றார்.

2002 செப்டெம்பர் 23ஆம் திகதி இலண்டனில் காலமானார். நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.